மலையேறி வந்து நாய்க்குச் சோறு போடுவோருக்கு

கொல்லிமலைக்கு வரும் அன்புள்ள விருந்தினர்களுக்கு,



சனி, ஞாயிறு வந்தால் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் வண்டிகளின் வரிசை நீண்டுவிடுகிறது. ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது கேட்கவே வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து, சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் மிளகும் வாங்கி, செம்மேட்டில் சாப்பிட்டு, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்குகிறீர்கள். இந்த வழியில் எங்காவது ஒரு நாய் உங்கள் முன்னால் வந்து நின்று வாலை ஆட்டுகிறது. கையில் இருப்பதை எடுத்துப் போடுகிறீர்கள்.

போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? பசித்த வாய்க்குக் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் உங்கள் வண்டியில் வரும் தின்பண்டங்களில் பல நாய்க்கு ஆகாதவை. இந்த மலையில் விளைவதிலும் வேகுவதிலும் நாய்க்கு ஆகக்கூடியவை நிறைய உண்டு. நீங்களோ முதலில் சொன்னதைப் போடுகிறீர்கள். இரண்டாவதை ஊருக்கு வாங்கிக்கொண்டு போகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

ஆகாத உணவின் விளைவு பல நேரம் அங்கேயே தெரிந்துவிடாது. சாக்லேட் தின்ற நாய்க்குப் படபடப்பு தொடங்கச் சில மணி நேரம் ஆகும். திராட்சை தின்றால் முதல் நாள் வாந்தி வரும், அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம் பழுதாகும். வெங்காயத்தால் இரத்தம் குறைவது வெளியே தெரிய மூன்று முதல் ஐந்து நாள்கூட ஆகலாம். ஞாயிறு மாலை போட்டுவிட்டு இறங்கியவருக்கு, நாய் ஆவலாகத் தின்றது மட்டும்தான் நினைவில் இருக்கும். வியாழக்கிழமை அது ஈறு வெளுத்து, எழ முடியாமல் கிடப்பதைப் பார்ப்பவர்கள் மலையில் இருக்கும் நாங்கள்.

முதலில் போடக்கூடியவற்றைச் சொல்கிறேன். நாய் கறி தின்னும் பிராணி, அதற்குச் சோறு ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். சோறு ஆகும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை மரபணு அளவில் காட்டியது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவுக்கு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்கின்றன. நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருக்கின்றன. மனிதன் பயிர் செய்யத் தொடங்கியபின், அவன் மிச்சத்தைத் தின்று செரிக்க முடிந்த நாய்கள் தழைத்தன. தென்மாவட்டங்களின் வேட்டை நாய்கள் கூழும் கஞ்சியும் குடித்துத்தான் முயலைத் துரத்தின. இங்கே காட்டுக்குக் காவல் இருக்கும் நாய்களும் களியும் சோறும் தின்று வளர்ந்தவைதான்.

ஆகவே வெறும் சோறு போடலாம். சாமைச் சோறும் போடலாம். கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பல வகைச் சாமையும், கேழ்வரகும், தினையும், பனிவரகும் விளைந்த மலை இது. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி இங்கே பரவிய பிறகு சிறுதானியப் பரப்பு சுருங்கிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே அவற்றைக் காப்பாற்றும் வேலையைச் செய்து வருகிறது. சாமையை உரலில் போட்டுக் குத்தும் பாட்டைக் குறைக்கச் சிறிய அரவை இயந்திரங்களும் ஊர்களுக்கு வந்தன. சந்தையில் நீங்கள் வாங்கும் சாமை அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போடாமல் ஆறவைத்தால் நாய்க்கு அது நல்ல சாப்பாடு. கேழ்வரகுக் களியென்றால் சூடு தணிந்தபின் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளிப் போடுங்கள். சூடான களியை அவசரமாக விழுங்கினால் தொண்டை வெந்துவிடும்.

அடுத்தது முட்டை. மலையிறங்கினால் நாமக்கல்; முட்டைக்கு அதைவிடப் பேர்போன ஊர் தமிழ்நாட்டில் இல்லை. வேகவைத்து, ஓடு உரித்து, உப்பும் மிளகுத்தூளும் தூவாமல் கொடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 70 கலோரியும் ஆறு கிராம் புரதமும் இருக்கின்றன. மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த பிஸ்கட்டில் வயிறு நிரம்பும், உடம்புக்கு ஒன்றும் ஒட்டாது. சாதாரண பிஸ்கட் ஒன்றிரண்டு தின்றால் நாய் செத்துவிடாது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு முன்னால் வந்த வண்டியும் ஒரு பாக்கெட் போட்டிருக்கும், அடுத்து வரும் வண்டியும் போடும்.

கோழிக்கறி கொடுக்க ஆசையா? மசாலா இல்லாமல் தண்ணீரில் வேகவைத்த கறியாக, எலும்பு எடுத்துக் கொடுங்கள். மீனென்றால் முள் எடுக்க வேண்டும். பூசணி, கேரட், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் வெறுமனே வேகவைத்தால் ஆகும். தயிர்ச் சோற்றைத் தாளிக்காமல் கொஞ்சம் போடலாம். பாலைவிடத் தயிரும் மோரும் நல்லவை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவு. பால் குடித்தால் பேதியாகும். தயிராகும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

மலையின் பழங்களுக்கு வருவோம். வாழைப்பழத்தைத் தோலுரித்து இரண்டு மூன்று துண்டு போடலாம். அன்னாசியில் பழுத்த சதை மட்டும், சின்னத் துண்டாக. தோலும் நடுத்தண்டும் கொண்டையும் வேண்டாம். பலாவில் ஒரு சுளையைக் கிழித்துக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கொட்டையை முழுசாக விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். சடையும் பாலும் உள்ள தோலை நாய் நக்கும் இடத்தில் வீசாதீர்கள். பப்பாளியை விதையும் தோலும் நீக்கிக் கொடுக்கலாம். கொய்யா கொஞ்சம் ஆகும். ஆரஞ்சில் தோலும் விதையும் இல்லாத ஒரு சுளை போதும். மாம்பழச் சதை ஆகும், மாங்கொட்டை ஆகாது. எந்தப் பழமாக இருந்தாலும் அது சர்க்கரைதான். நாய்க்கு அது பலகாரம், சாப்பாடு ஆகாது.

மரவள்ளிக் கிழங்கில் கவனம் வேண்டும். பச்சைக் கிழங்கிலும் தோலிலும் இலையிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. தோலுரித்து நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்ட கிழங்கில் ஒரு துண்டு போடலாம். வயலோரத்தில் பிடுங்கிய பச்சைக் கிழங்கை வேடிக்கைக்காகக்கூட நாயிடம் எறியாதீர்கள்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. சுமார் 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 முதல் 900 கலோரி தேவை. வழக்கமான சாப்பாட்டுக்கு வெளியே கொடுக்கும் தின்பண்டம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு வேகவைத்த முட்டையும் ஒரு வாய் வாழைப்பழமும் போதும். உங்கள் பங்கு அவ்வளவுதான்.

இனி, போடக்கூடாதவை. பொட்டலம் பொட்டலமாக இங்கே வருபவை இவைதான்.

முதலிடம் பிரியாணிக்கு. அதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று வெங்காயமும் பூண்டும். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். நாய் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயத்தை ஒரே வேளையில் தின்றால் நஞ்சாகும் என்பது கால்நடை மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. 15 கிலோ நாய்க்கு அது 75 கிராம், அதாவது நடுத்தர வெங்காயம் ஒன்று. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது. பூண்டு அளவுக்கு அளவு வெங்காயத்தைவிடக் கடுமையானது. தட்டில் மிஞ்சிய பச்சடி, குருமா, வெங்காயம் போட்ட வடை, சமோசா எல்லாம் இதே வகை. இரண்டாவது ஆபத்து எலும்பு. வெந்த கோழி எலும்பு கடித்தால் சில்லு சில்லாகப் பிளக்கும்; கூரான நுனி தொண்டையிலோ குடலிலோ குத்தும். நாட்டுக்கோழிக் குழம்பு சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, எலும்பை இலையோடு மடித்து நாய் பக்கம் தள்ளுவது இங்கே அன்றாடம் நடக்கிறது. குழந்தைகளுக்கு முள் எடுத்து ஊட்டும் அக்கறையில் கால்வாசி இருந்தால் போதும், எலும்பு குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

அடுத்து சாக்லேட். அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனால் வாந்தியும் பேதியும் படபடப்பும் தொடங்கும். அளவு ஏற ஏற இதயத் துடிப்பு தாறுமாறாகி வலிப்பு வரும். நம் 15 கிலோ நாய்க்குப் பால் சாக்லேட் சுமார் 150 கிராம் அந்த முதல் கட்டத்துக்குப் போதும். கறுப்புச் சாக்லேட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். குட்டிக்கு இன்னும் குறைவு. காப்பியிலுள்ள கஃபீனும் இதே குடும்பம். சந்தையில் வாங்கும் காப்பிக்கொட்டை, காப்பித்தூள் பையை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு கைப்பிடி கொட்டையைத் தின்றாலே அதற்கு ஆபத்து.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது வெகுகாலமாகத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைச் சேர்ந்த நஞ்சு ஆலோசனை மருத்துவர்கள் அதற்கு ஒரு விடையை முன்வைத்தார்கள். டார்டாரிக் அமில உப்பு சேர்த்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதேபோல் சிறுநீரகம் கெட்டதிலிருந்து அந்தத் துப்பு கிடைத்தது. திராட்சையிலும் அந்த அமிலம் நிறைய இருக்கிறது. இதில் தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: புளியிலும் அதே அமிலம்தான் இருக்கிறது. புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றி 2022-இல் மருத்துவ இதழில் கட்டுரையும் வந்தது. கோயிலுக்கு வருபவர்கள் கட்டிக்கொண்டு வரும் புளியோதரை இந்தப் பட்டியலில் சேருகிறது. புளிக்குழம்பும் ரசமும் ஊற்றிய சோறும் அப்படியே. கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சையையும் மறக்க வேண்டாம். எத்தனை திராட்சை வரை தாங்கும் என்பது நாய்க்கு நாய் மாறும். ஆகவே பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். மனிதருக்கு அது தீங்கில்லை. நாயின் உடம்போ அதைச் சர்க்கரை என்று எண்ணி இன்சுலினைக் கொட்டுகிறது. இரத்தச் சர்க்கரை அரைமணி, ஒரு மணி நேரத்தில் சரிகிறது. கிலோவுக்கு 0.1 கிராமே இதற்குப் போதும். சில சூயிங்கம் வகைகளில் இரண்டு மூன்று துண்டே 15 கிலோ நாயைச் சாய்த்துவிடும். டயட் பிஸ்கட் வைத்திருப்பவர்களும் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்ஸ், மிக்சர், ஊறுகாய்: உப்பும் எண்ணெயும் அதிகம். வழக்கமில்லாத நாய்க்கு ஒரே வேளையில் கொழுப்பைக் கொட்டினால் கணையம் வீங்கிவிடும். வெண்ணெய்ப்பழம்: கொழுப்பும் பெரிய கொட்டையும் வேண்டாத வம்பு. மக்காச்சோளம்: வெந்த மணிகள் ஆகும், மணி உதிர்ந்த நடுக்கட்டை குடலை அடைக்கும், பல நேரம் அறுவைச் சிகிச்சை இல்லாமல் வெளியே வராது. மது: நாய்க்கு ஊற்றிப் படம் எடுப்பது வேடிக்கை இல்லை, வதை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அப்படிப்பட்டவற்றுக்காகத்தான் இருக்கிறது. கடைசியாக, காலி உறை. குழம்பு வாசனை ஒட்டிய பிளாஸ்டிக் பையை நாய் பையோடு விழுங்கும்.

எதைப் போடுவது என்பதோடு எங்கே போடுவது என்பதும் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி நாய்க்குப் போடாதீர்கள். வண்டி நின்றால் சோறு வரும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. அப்புறம் நிற்காத வண்டியின் முன்னாலும் ஓடிவருகிறது. மறுபக்கம் இறங்கிவரும் பேருந்துக்கு அந்த வளைவில் எதுவும் தெரியாது. இருசக்கர வண்டியில் வருபவர் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாய்க்குப் போட்டது குரங்குக்கும் போய்ச் சேரும். காட்டோரத்தில் கொட்டிய சோறு நாய்களைக் காட்டுக்குள் பழக்கி, அங்கிருக்கும் உயிர்களைத் துரத்த வைக்கும்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன் 20-ஆவது விதி, சமுதாய நாய்களுக்கு உணவிட இடமும் நேரமும் குறித்துக் கொள்ளச் சொல்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் இவற்றை விட்டுத் தள்ளி அந்த இடம் இருக்க வேண்டும். தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, குறித்த இடத்தில்தான் போட வேண்டும் என்றது.

மலையில் இதற்கு எளிய வழி உண்டு. நீங்கள் தெருநாய் என்று நினைப்பவற்றில் பலவற்றுக்கு இங்கே ஒரு வீடோ, டீக்கடையோ, காவலுக்கு ஒரு தோட்டமோ இருக்கும். பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்: “அண்ணா, இது யார் வீட்டு நாய்? இதைப் போடலாமா?” அவருக்கு அதன் வயிறு தெரியும், ஊசி போட்டதா என்பதும் பெரும்பாலும் தெரியும். கொண்டுவந்த அரிசியையோ முட்டையையோ அவரிடமே கொடுத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வயிறு வெடிக்கத் தின்றுவிட்டு, செவ்வாய்க்கிழமை பட்டினி கிடக்கும் நிலை அதனால் மாறும்.

கையால் ஊட்டாதீர்கள்; இலையிலோ தட்டிலோ வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பல நாய்களை ஒரே இடத்தில் கூட்டாதீர்கள். சண்டை வரும், நடுவில் உங்கள் குழந்தை நிற்கும். பல் பட்டாலோ நகம் கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பிறகு அதற்கு மருந்து இல்லை.

தவறிப்போய் ஆகாததை நாய் தின்றுவிட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் மருத்துவருக்குத் தேவை. உறை இருந்தால் எடுத்து வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது, எண்ணெய் புகட்டுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். உப்பே தனி நஞ்சாகிவிடும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணை அழையுங்கள். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். வலியில் துடிக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவுகளையும் இறங்குவது எவ்வளவு பாடு என்பதை, ஏறி வந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த முறை வரும்போது பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாக ஒரு டப்பாவில் உப்பில்லாத வெறும் சோறும், இரண்டு வேகவைத்த முட்டையும், ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்து வாருங்கள். கொஞ்சமாகப் போடுங்கள். சாலையை விட்டுத் தள்ளிப் போடுங்கள். பிரியாணி மிச்சத்தையும் எலும்பையும் பையில் கட்டி, உங்களோடு கீழே எடுத்துப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
செம்மேட்டிலிருந்து உங்கள் மலைவாசி ஒருவன்